சுட்ட காயமும் தூரத்து ஆஸ்பத்திரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இன்னும் மூன்று ஓய்வுபெற்ற தாதியரும் உட்காருகிறோம். இரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்போம், சந்தேகம் கேட்டால் சொல்வோம். போன தீபாவளிக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி சூடுபட்டதைப் பற்றி. ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் எழுதிவிட்டேன். எழுத எழுத நம் ஊர் எல்லையைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெங்கி, சர்க்கரை, மாரடைப்பு என்று எத்தனையோ இருக்க, தீக்காயத்தை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள் மிஸ்ஸி? (தாதியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி தீக்காயத்தால் ஆண்டுக்குச் சுமார் 180,000 பேர் சாகிறார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும். இந்தத் ‘தென்கிழக்கு ஆசியா’வில் மலேசியா கிடையாது. அந்த நிறுவனத்தின் வரைபடத்தில் நாம் மேற்குப் பசிபிக். அவர்கள் சொல்வது இந்தியா, வங்காளதேசம், இலங்கை போன்ற நாடுகளை. நம்மில் பலருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் இடங்கள்தாம். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரளவு பெரிய, அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள். வங்காளதேசத்தில் 173,000 குழந்தைகள்.

என்னை உறுத்துவது இன்னொரு கணக்கு. பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டால், மற்ற நாடுகளில் குழந்தைகள் தீக்காயத்தால் சாகும் விகிதம் ஏழு மடங்குக்கும் அதிகம். வெந்நீர் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் சுடுகிறது. சுட்டதற்கு அப்புறம் என்ன கிடைக்கிறது, எத்தனை மணிக்குக் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பெரிய நகரத்தில் இருப்பவருக்கும் தோட்டத்துக்குள்ளே பத்து கிலோமீட்டர் மண்சாலையில் இருப்பவருக்கும் இடையில்கூட அந்த வித்தியாசம் உண்டு.

சூடுபட்டவுடன் முதலில் என்ன செய்வது?

தண்ணீர். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மனக்கணக்கில் 20 நிமிடம் என்பது பெரும்பாலும் மூன்று நிமிடம்தான், குழந்தை அழுதால் ஒன்றரை. காயம் பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் இதற்குப் பலன் உண்டு, அதனால் ‘நேரமாகிவிட்டதே’ என்று விட்டுவிடாதீர்கள்.

நெருப்பிலிருந்து கையை எடுத்த பிறகும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் அதைத் தடுக்கிறது. மேல்தோலோடு நிற்க வேண்டிய காயம் உள்தோலின் ஆழத்துக்குப் போய்விட்டால், தானாக ஆற வேண்டியதற்குத் தோல் ஒட்டு வைக்க வேண்டிவரும். உலகத்திலேயே மிக மலிவான தீக்காய மருந்து இந்தக் குழாய்த் தண்ணீர்தான் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நம் வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கை. வெயிலில் நிற்கும் தொட்டியிலிருந்து மத்தியானம் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். அதை ஓடவிட்டு, கை வைத்துப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள். தண்ணீர் வெட்டு நாளாக இருந்தால் வாளியும் குவளையும் போதும், மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் மட்டும் வேண்டாம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தை இன்னும் கெடுக்கும்.

தண்ணீர் ஓடும்போதே மோதிரம், வளையல், கொலுசு, குழந்தையின் அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழுத்தில் காயம் என்றால் தாலிக்கயிறும்தான். இதில் தயக்கம் வருவது எனக்குத் தெரியும். ஆனால் வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். துணியையும் எடுத்துவிடுங்கள், தோலோடு ஒட்டிக்கொண்டதை மட்டும் இழுக்காதீர்கள். பாலியெஸ்டர் சேலை உருகி ஒட்டியிருக்கும், இழுத்தால் தோலும் சேர்ந்து வரும்.

காயம் பெரிதாக இருந்தால், முக்கியமாகக் குழந்தைக்கு, காயத்தை மட்டும் நனையுங்கள். மீதி உடம்பைத் துண்டால் போர்த்தி வையுங்கள், குளிர்ந்துவிடக் கூடாது. அப்புறம் உணவு மூடி வைக்கும் மெல்லிய ஒட்டு பிளாஸ்டிக்கை ஒரு சுற்று உருவி எறிந்துவிட்டு, அடுத்த பகுதியைக் காயத்தின் மேல் நீளவாக்கில் போர்த்துங்கள். முகத்தில் மட்டும் அது வேண்டாம். எங்கேயும் சுற்றிக் கட்டாதீர்கள், வீங்கினால் இறுக்கும். அது இல்லையென்றால் துவைத்த வெள்ளைத் துணி.

கிச்சாப் (சோயா சாஸ்), பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள்… எங்கள் பாட்டி காலத்திலிருந்து போட்டுத்தானே ஆறியது?

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. லயத்து வீட்டில் அம்மா அதிகாலையில் பெரட்டுக்கு (தோட்டத்து வேலைக்கு ஆள்கணக்கு எடுக்கும் இடம்) போகும் அவசரத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி தம்பியின் தொடையில் கொட்டிவிட்டது. அம்மா ஓடிப்போய்க் கிச்சாப் போத்தலை எடுத்து முழுவதையும் கவிழ்த்தார். தொடை கறுப்பாக, பளபளவென்று ஆகிவிட்டது. வலி குறையவில்லை. தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) வந்து, அந்தக் கறுப்பை முழுக்கக் கழுவி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடிந்தது. அந்தக் கழுவலில் தம்பி கத்தியது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். கைக்கு எட்டியது அதுதான், வேறு யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

டாக்டர் காயத்தின் ஆழத்தை நிறத்தை வைத்துத்தான் கணிக்கிறார். சிவப்பாக ஈரமாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, தோல்பை போலத் தடித்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பார். கிச்சாப்போ மஞ்சளோ பூசிவிட்டால் அந்த நிறம் மறைந்துபோகிறது. பற்பசை (நம் ஊரில் எந்தப் பற்பசையானாலும் அதன் பெயர் கோல்கேட்தான்) சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். முட்டை கிருமிக்கு விருந்து. பாட்டி காலத்தில் ஆறியவை பெரும்பாலும் தானாகவே ஆறக்கூடிய சின்னக் காயங்கள். ஆறாதவர்கள் வந்து சாட்சி சொல்லவில்லை.

எவ்வளவு சுட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

காயம்பட்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பின் தோல்பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். உங்கள் கையால் அளக்காதீர்கள், அவர் கையால் அளக்க வேண்டும். குழந்தையின் கை சின்னது, உடம்பும் சின்னது. ஓர் உள்ளங்கை அளவைத் தாண்டினால் சுகாதாரக் கிளினிக்கிலாவது காட்டுங்கள். பெரியவருக்குப் பத்து உள்ளங்கை, குழந்தைக்கு ஐந்து என்று போனால் அது பெரிய ஆஸ்பத்திரி விஷயம்.

அளவு சின்னதாக இருந்தாலும் சில காயங்கள் பெரியவைதாம்: முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு ஆகிய இடங்களில் பட்டவை, கையையோ காலையோ வளையம் போலச் சுற்றிப் பட்டவை, ஆசிட், மின்சாரம், வலியே தெரியாமல் வெள்ளையாகவோ கருப்பாகவோ இருப்பவை. வலி இல்லையென்று நிம்மதியடையாதீர்கள். நரம்பு வரைக்கும் வெந்துவிட்டது என்று அர்த்தம். மூடிய அறையில் புகைக்குள் இருந்தவருக்குக் குரல் கரகரத்தாலோ மூக்கில் கரி இருந்தாலோ வேறு எதையும் யோசிக்காமல் 999ஐ அழையுங்கள். அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், ஒரு மணி நேரத்தில் தொண்டை வீங்கி அடைத்துவிடும்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். யோசித்துக்கொண்டே போங்கள்.

கொப்புளம்தானே, அதனால் எப்படி ஆள் செத்துப்போகிறார்?

இதைக் கேட்டவர் போன மாதம் பங்காளி ஒருவரை இழந்தவர். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தோல் வெறும் உறை மட்டும் கிடையாது, உடம்பின் நீரை உள்ளே பிடித்து வைத்திருப்பதும் அதுதான். பெரிய காயம் பட்டால் காயம்பட்ட இடத்தில் மட்டுமில்லை, உடம்பு முழுவதும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி உடம்பு ஊதிப்போகும், உள்ளே இரத்த ஓட்டம் வற்றும், சிறுநீரகம் நிற்கும். முதல் இரண்டு நாள் கண்டம் இதுதான். அதைத் தாண்டினால் கிருமித் தொற்று என்ற அடுத்த கண்டம் காத்திருக்கும்.

1960களில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பார்க்லாந்து மருத்துவமனையின் சார்லஸ் பாக்ஸ்டர் என்ற டாக்டர், வெளியேறும் நீருக்கு ஈடாக எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு வகுத்தார். உடல் எடை கிலோவில், காயத்தின் சதவீதம், இரண்டையும் பெருக்கி 4 மில்லிலிட்டரால் பெருக்க வேண்டும். 60 கிலோ ஆள், 30 சதவீதக் காயம் என்றால் 7,200 மில்லிலிட்டர், அதாவது ஏழு லிட்டருக்கும் மேல் முதல் 24 மணி நேரத்தில் இரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்திலேயே. இப்போது பல இடங்களில் இதைவிடக் குறைவாகத் தொடங்கி, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறார்கள். 

இதில் எல்லோரும் தவறவிடும் ஒரு சொல் உண்டு. எட்டு மணி நேரம் என்பது ஆஸ்பத்திரி வாசலை மிதித்த நேரத்திலிருந்து இல்லை, சுட்ட நேரத்திலிருந்து. தோட்டத்தில் வாகனம் தேடி இரண்டு மணி நேரம், இடையில் ஒரு கிளினிக்கில் ஒரு மணி நேரம் போய்விட்டால் ஐந்து மணி நேரம்தான் மிச்சம். அதனால்தான் ‘சுட்டது எத்தனை மணிக்கு?’ என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். வழியில் தாகமென்று கேட்டாலும் வயிறு முட்டத் தண்ணீர் கொடுக்காதீர்கள், வாந்தி எடுப்பார், மயக்க மருந்து கொடுக்கவும் சிக்கலாகும்.

ஈப்போ 30 கிலோமீட்டர்தானே. அங்கேயே எல்லாம் பார்க்காமல் ஏன் சிலரைக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறார்கள்?

அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். சின்னக் காயத்துக்கு நம் ஊர் ஆஸ்பத்திரி போதும், நடுத்தரமானதை மாநிலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு என்றால் அது வேறு உலகம். கோலாலம்பூர் மருத்துவமனையில் இருக்கிறது, கிளந்தானில் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனையில் இருக்கிறது. ஊருக்கு ஊர் வைக்க முடியாது. அறையை வெதுவெதுப்பாக வைக்க வேண்டும், தோல் இல்லாதவருக்குக் குளிரும். நோயாளிக்குத் தனி அறை, பக்கத்திலேயே அறுவைக்கூடம், இரத்தம், பிசியோதெரபி நிபுணர், உணவு நிபுணர் எல்லாம் வேண்டும். பெரிய காயக்காரர் ஒருவருக்குக் கட்டு மாற்ற, வலி மருந்து கொடுத்துவிட்டு, மூன்று பேராக ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அது தினமும் நடக்கும்.

அப்படிப்பட்ட படுக்கைகள் எந்த நாட்டிலும் கொஞ்சம்தான். 1991 மே 7 அன்று சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபோது 26 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2025 ஏப்ரல் 1 அன்று, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தபோதும் காயம்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். ஒரே நாளில் இத்தனை பேர் வந்தால் பல மருத்துவமனைகள் பங்கிட்டுக்கொண்டால்தான் சமாளிக்க முடியும்.

ஆகவே எல்லோரையும் பெரிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியமில்லை. சின்ன ஊர் டாக்டர் காயத்தைப் படம் எடுத்துப் பெரிய ஊர் நிபுணருக்கு அனுப்பி, எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும், அனுப்பலாமா, இங்கேயே வைத்துப் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். அதனால் காயத்தை முதலில் பார்ப்பவர் கழுவிவிட்டு, மருந்துப் பூச்சு போடுவதற்கு முன்னால் படமெடுத்துக்கொள்வது நல்லது. வெள்ளை மருந்தை அப்பிவிட்டால் அடுத்த டாக்டருக்கும் கிச்சாப் கதைதான்.

இவ்வளவு பணம் இல்லாத நாடுகள் என்ன செய்கின்றன?

பல இடங்களில் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2015இல் லான்செட் இதழ் அமைத்த ஆணையம் ஒன்று, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்றது. அவசர அறுவை செய்யக்கூடிய மருத்துவமனையை மக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் அடைய முடிய வேண்டும் என்று இலக்கும் வைத்தது. தீக்காயக்காரர் அந்த 500 கோடியில் மிக மோசமாக மாட்டிக்கொள்பவர். ஓர் அறுவையோடு அவர் கதை முடியாது.

ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் ஜோரா யான்செகோவிச் என்று ஓர் அம்மையார் இருந்தார், அறுவை மருத்துவர். அவருக்கு முன்பு வெந்த தோல் தானாக அழுகி விழும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள், அதற்குள் கிருமி உள்ளே போய்விடும். இவர் முதல் சில நாட்களிலேயே வெந்த தோலைச் சீவல் சீவலாகச் சீவி, இரத்தம் கசியும் நல்ல பகுதி வந்ததும் அங்கேயே தோல் ஒட்டு வைத்தார். 1970இல் அதை எழுதி வெளியிட்டார். இன்று பணக்கார நாடுகளில் அதுதான் வழக்கம். ஏழை மருத்துவமனைகளில் இன்னமும் காத்திருக்கிறார்கள். அறியாமையால் இல்லை. சீவினால் இரத்தம் போகும், ஏற்ற இரத்தம் இல்லை. அறுவைக்கூடம் பிரசவத்துக்கும் விபத்துக்குமே போதவில்லை. அறிவு ஐம்பது வருடத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது, இரத்தப் பை இன்னும் வரவில்லை.

மாற்றமும் நடக்கிறது. டாக்காவில் 2018இல் தீக்காயத்துக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் மட்டுமே 500 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் திறந்தார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது சின்ன வேலைகள்தாம். 2006இல் தொடங்கிய இன்டர்பர்ன்ஸ் என்ற அமைப்பு, நேபாளம், மலாவி மாதிரியான நாடுகளில் அங்கேயே இருக்கும் தாதியருக்கும் டாக்டர்களுக்கும் அங்கே கிடைக்கும் பொருளை வைத்தே பயிற்சி தருகிறது. வெளியிலிருந்து வந்து இரண்டு வாரம் அறுவை செய்துவிட்டுப் போகும் குழுவைவிட, கட்டுப் போடத் தெரிந்த உள்ளூர்த் தாதி ஒருவர் அதிகக் கைகளைக் காப்பாற்றுவார். தாதி என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாழை இலையில் கட்டுப் போடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

உண்மை, ஆனால் நம் கொல்லை வாழை இலையை அப்படியே வைப்பதைச் சொல்லவில்லை. இந்தியாவில் சில மருத்துவமனைகளில் சுத்தப்படுத்திக் கிருமி நீக்கிய வாழை இலையையும், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும் கட்டாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். காயத்தில் ஒட்டாது, எடுக்கும்போது வலிக்காது, விலை சில காசு. பிரேசிலில் ஃபோர்ட்டலேசா நகரத்தில் திலாப்பியா மீன் தோலைக் கிருமி நீக்கிக் காயத்தில் போர்த்துகிறார்கள். ஆமாம், நம் சந்தையில் விற்கும் அதே திலாப்பியா இனம்தான். நம் நாட்டில் குபாங் கெரியானில் உள்ள திசு வங்கி பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைப் பதப்படுத்திக் கட்டாகத் தருகிறது. எல்லாமே ஆய்வகத்தில் கிருமி நீக்கியவை. மீன் வெட்டும் கடையில் தோல் கேட்டு வாங்காதீர்கள். போன முறை ஒருவர் கேட்டார்.

சிகிச்சையைவிடத் தடுப்பதுதானே மேல்?

சந்தேகமே இல்லை. இலங்கையின் அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர கதையை எல்லோருக்கும் சொல்வேன். மின்சாரம் இல்லாத வீடுகளில் பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு. தட்டினால் சாயும், எண்ணெய் கொட்டும், பாயோடு பிள்ளையும் பற்றிக்கொள்ளும். வார்டில் அந்தக் காயங்களைப் பார்த்துப் பார்த்து, குள்ளமான, கனமான, பக்கம் தட்டையான கண்ணாடி விளக்கு ஒன்றை அவர் வடிவமைத்தார். மாதிரி எங்கே கிடைத்தது தெரியுமா? மார்மைட் போத்தல். சாய்ந்தால் உருளாது, திருகு மூடி இருப்பதால் கொட்டாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு தீக்காயப் பிரிவு கட்டும் பணத்தில் அப்படி எத்தனை விளக்கு செய்யலாம் என்று நீங்களே யோசியுங்கள்.

நம் ஊரில் மண்ணெண்ணெய் விளக்கு போய் எத்தனையோ வருடம். இங்கே நாங்கள் பார்ப்பது மேசைவிரிப்பைப் பிள்ளை இழுத்து விழும் மெகி நூடுல்ஸ் கிண்ணம், தரையில் வைத்த வெந்நீர்ப் பாத்திரம், மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோல் பிடித்து குப்பையில் ஊற்றிக் கொளுத்துவது. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவியாக எரிகிறது. நீங்கள் குச்சியைக் கிழிக்கும்போது அந்த ஆவி ஏற்கெனவே உங்கள் கைலி வரைக்கும் வந்திருக்கும்.

ஆலையில், தோட்டத்தில் காயம் பட்டால்?

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் பட்டால் 20 நிமிடம் போதாது. ஒரு மணி நேரமானாலும் கழுவிக்கொண்டே இருங்கள், கண்ணில் பட்டால் இமையைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். எலுமிச்சை, சோடா மாவு என்று எதிர்மருந்து தேடாதீர்கள்.

செம்பனை ஆலையில் குலை அவிக்கும் கலத்தின் நீராவி கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு, சுடுவதும் ஆழம். குலை அறுக்கும் அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டால் வெளியே கையிலும் காலிலும் ஒரு சின்னக் கரும்புள்ளிதான் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கும், இதயம் தாளம் தப்பலாம், சிறுநீர் கறுப்பாகப் போகலாம். ‘எழுந்து நடக்கிறானே’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விஷயம்: வேலையிட விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு. 

பக்கத்துத் தொழிலாளர் குவார்ட்டர்ஸில் இருக்கும் வங்காளதேசத்துப் பையனுக்கு இதெல்லாம் கிடைக்குமா?

காகிதத்தில் கிடைக்கும். நமக்கு அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), ஐந்து வெள்ளியில் ஆகும் வேலைக்கு அவருக்குக் கட்டணம் வேறு, படுக்க வேண்டுமானால் முன்பணம் வேறு. வேலை பெர்மிட் முடிந்தவராக இருந்தால் பிடித்துக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயமும் சேரும். அதனால் என்ன நடக்கிறது என்றால், கூட்டாளிகள் கடையில் ஒரு மருந்து வாங்கிப் பூசிவிட்டு நான்கு நாள் பொறுத்துப் பார்க்கிறார்கள். ஐந்தாம் நாள் நாற்றம் வந்த பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஏழை நாடுகளில் தீக்காயக்காரர் ஏன் தாமதமாக வருகிறார் என்று கேட்பவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் குவார்ட்டர்ஸில் வந்து பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் முதல் நாளே கூடப் போங்கள். மொழி தெரிந்த ஒருவரும் முதலாளியின் கடிதமும் இருந்தால் பாதி வாசல் திறக்கும்.

தீமிதியில் கால் சுட்டால் சாமி குற்றமா?

பூசாரியைக் கேட்க வேண்டிய கேள்வி, என்னைக் கேட்டால் சர்க்கரை அளவைச் சொல் என்பேன். 2023 தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நாள்பட்ட நீரிழிவுக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பூக்குழியில் சுட்டதும் தெரியாது, அப்புறம் பால்குழியில் நின்றதும் தெரியாது, மூன்று நாள் கழித்துச் செருப்பில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். இறங்குவது உங்கள் நேர்த்திக்கடன், நான் தடுக்க மாட்டேன். முடிந்ததும் பாலையும் சாம்பலையும் கழுவி, கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பாருங்கள். குழியில் விழுந்தவர் என்றால் நேராக ஆஸ்பத்திரி.

காயம் ஆறிவிட்டது. இன்னும் ஏன் வரச் சொல்கிறார்கள்?

உலகத்தில் தீக்காயச் சிகிச்சை அதிகமாக விட்டுப்போவது இந்த இடத்தில்தான். நம் ஊரிலும் அப்படியே. 

தோல் மூடிய பிறகு வடு சும்மா இருக்காது. மாதக்கணக்கில் தடிக்கும், சிவக்கும், அரிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுருங்கும். வலிக்கிறதே என்று முழங்கையை மடக்கி வைத்தால் மடங்கியபடியே நிற்கும். கழுத்துக் காயத்துக்குத் தலையணை வைத்துக் கொடுத்தால் தாடை நெஞ்சோடு ஒட்டும். எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அதுதான் கை கால் முடங்கும் நிலை. அதனால்தான் கழுத்துக்குத் தலையணை இல்லை, அக்குள் காயத்துக்குக் கையை விரித்து வை, விரலுக்கு இரவில் பலகைக் கட்டு என்று படுத்துகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், வடை சுடும் எண்ணெய் வலது கையில் கொட்டியது. காயம் நன்றாகத்தான் ஆறியது. பிசியோதெரபிப் பயிற்சிக்கு வாரம் இருமுறை வரச் சொன்னார்கள். இரண்டு பஸ், அரை நாள் சம்பளம், வீட்டில் கைக்குழந்தை. மூன்று முறை போனாள், நிறுத்திவிட்டாள். யாரும் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து மண்டபத்துக்கு வந்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. ரப்பர் மரத்தில் கத்தி பிடிக்க முடியவில்லை. அதை விடுவிக்க இனி அறுவைதான் வேண்டும். முதலிலேயே பஸ் செலவு கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நானும் அவளும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். அறுவைச் செலவில் ஒரு மூலைக்கு வராது.

வடுவை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான அழுத்த உடை தந்தால் ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம். நம் வெயிலில் அது கொடுமைதான். இரண்டு இருந்தால் ஒன்றைத் துவைத்துப் போட்டு மாற்றலாம். வடுவில் வெயில் பட்டால் நிரந்தரமாகக் கறுக்கும், குடை பிடியுங்கள். தேங்காய் எண்ணெய் தடவி விரலால் அழுத்தி நீவலாம், காயம் முழுக்க மூடிய பிறகு.

சூடு தானாகப் படவில்லை, யாரோ செய்தது என்றால்?

அடுப்பு வெடித்தது என்று சொல்லச் சொல்வார்கள். தாதியிடம் தனியாக உண்மையைச் சொல்லுங்கள், கேட்கப் பழகியவர்கள்தாம் நாங்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இதற்கென்று தனி ஏற்பாடு உண்டு. தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999, எந்த நேரமும். தன்னைத்தானே கொளுத்திக்கொள்ளும் எண்ணம் உள்ளவருக்காகவும், அவர் வீட்டாருக்காகவும் இதே எண்ணைக் கூப்பிடலாம்.

கோயில் சமையல்கட்டில் தீக்காயத்துக்கென்று குழாய் போடப்போவதாகச் சொன்னீர்களே, என்ன ஆனது?

போட்டாயிற்று. அன்னதான அண்டாக்களுக்கு எதிர்ப்புறம், நிழலில், சுவரோடு. பிளம்பர் வழக்கமான இடுப்பு உயரத்துக்கு வைத்துவிட்டார். நான் போய் அவரிடம், ‘தம்பி, மூன்று வயதுப் பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினால் தொடையில் தண்ணீர் விழ வேண்டும்’ என்றேன். முனகிக்கொண்டே கழற்றி, முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். பக்கத்து ஆணியில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறோம். பேட்டரி போன வாரம் தீர்ந்துவிட்டது, வரும் ஞாயிறு யாராவது இரண்டு வாங்கி வாருங்கள்.